மழைக்கு முளைத்த கடலை, வெயிலுக்கு வெடித்த எள்: குடியாத்தம் – சித்தூர் – நகரி

ஏப்ரல் 8, செவ்வாய் – குடியாத்தம்

நேற்று ராத்திரி இங்கே ஒரு மணி நேரம் நல்ல கோடை மழை. காலையில் வந்து இறங்கியபோது தெருவில் ஈரம் இருந்தது. எட்டரை மணிக்கெல்லாம் அது காய்ந்து புழுக்கம் ஏறிவிட்டது. பேருந்து நிலையத்துக்கு எதிரில் நாலு இட்லி 40 ரூபாய். வேர்க்கடலைச் சட்னியைக் கேட்காமலே இரண்டாம் முறை ஊற்றினார்கள். வறுத்த கடலையும் காய்ந்த மிளகாயும் அரைத்து, புளியை லேசாகக் காட்டிய சட்னி.

எங்களைப் போல் கடலை, எள் ரகங்களை மேம்படுத்தும் ஆராய்ச்சியில் இருப்பவர்களுக்குக் குடியாத்தம் சும்மா ஒரு ஊர் இல்லை. இந்தப் பக்கத்து விவசாயிகள் வைத்திருந்த 'குடியாத்தம் கொத்து' என்ற கடலையில் நல்ல செடிகளாகப் பொறுக்கி, விதையை ஒன்றாகக் கலந்து, திண்டிவனத்தில் 1940-இல் வெளியிட்டதுதான் டி.எம்.வி. 2 ரகம். கொத்துக் கொத்தாகக் காய்ப்பு, 105 நாளில் அறுவடை, வறட்சி தாங்கும் குணம். ஆந்திராவின் செம்மண் காடுகளில் பல பத்தாண்டுகள் இதுதான் ஓடியது. குறை ஒன்றுதான். இதன் விதைக்கு உறக்கம், அதாவது முற்றிய பிறகும் சில காலம் முளைக்காமல் இருக்கும் குணம், கிடையாது. முற்றிய விதைக்கு ஈரம் பட்டால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும்.

அதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. பரதராமி சாலையில் மார்கழி நடுவில் விதைத்த ஒரு காடு. மழைக்கு முன்னாலேயே பிடுங்கியிருக்க வேண்டியது. "ஆள் கெடைக்கல சார், மண்ணும் கல்லு மாதிரி கீது. மழ பேஞ்சாத்தான் பிடுங்க வரும்னு நெனச்சோம்" என்றார் நிலத்துக்கார அம்மா. செம்மண்ணின் சிக்கலே இதுதான். காய்ந்தால் இறுகிவிடும், இழுத்தால் விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கி நுனியில் காய் பிடிக்கும் காம்பு) அறுந்து காய் மண்ணில் தங்கிவிடும். மண் இளக ஒரு மழை வேண்டும். ஆனால் அந்த மழையே காயை முளைக்க வைக்கிறது. இந்த அம்மாவின் காட்டில் போன வாரமும் ஒரு மழை விழுந்திருந்ததால் வேலை முடிந்துவிட்டிருந்தது.

ஒரு செடியைக் களைக்கொத்தால் நெம்பி எடுத்தோம். 16 காய். அதில் நாலு காயின் மூக்கு பிளந்து, வெள்ளையாக வேர் முனை ஒரு விரற்கடை வெளியே வந்திருந்தது. நாலும் செடியின் அடியை ஒட்டிய காய்கள், அதாவது முதலில் இறங்கிய விழுதில் முதலில் முற்றியவை. எடை அதிகமுள்ள காய்களும் அவைதான். கொத்துக் கடலையில் நஷ்டம் எப்போதும் இப்படித்தான் தொடங்குகிறது: நல்ல காய் முதலில் போகும், பிஞ்சு மிஞ்சும். முளைவிட்ட பருப்பில் எண்ணெய் குறையும், காறல் ஏறும், ஓடு பிளந்த இடத்தில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சணம் புகுந்தால் அஃப்ளாடாக்சின் நஞ்சு வரும். அறுவடை நேரத்து மழையில் இப்படி 20 முதல் 50 விழுக்காடு வரை இழப்பு பதிவாகியிருக்கிறது.

முளைக்காத காய்களாகப் பார்த்து ஒரு படி வாங்கிக்கொண்டோம். காசு வேண்டாம் என்றார் அந்த அம்மா. கட்டாயப்படுத்தித்தான் 100 ரூபாய் கொடுக்க முடிந்தது. அதற்கும் ஒரு பை பச்சைக் கடலையைக் கொசுறாகத் திணித்துவிட்டார்.

உறக்கச் சோதனையை அன்றைக்கே வைத்துவிட வேண்டும். காயை வெயிலில் காயவிட்டால் இருக்கும் உறக்கமும் கலைந்துவிடும், பிறகு எண்ணுவதில் பயனில்லை. விடுதி அறையில் ஓடு உடைத்து, தோல் கீறாத, முற்றிய 50 பருப்பைப் பொறுக்கினோம். காய் முற்றியதா என்பதை ஓட்டின் உட்புறம் சொல்லும்: பழுப்பேறிக் கறுத்திருந்தால் முற்றியது, வெள்ளையாக இருந்தால் இளசு. சிட்டிகை திரம் பூஞ்சணக்கொல்லி தூவிக் குலுக்கி, ஈரத் தாளில் வரிசையாக வைத்துச் சுருட்டி, மூடி போட்ட சம்புடத்தில் இருட்டில் வைத்தாயிற்று. தாள் பிழிந்தால் சொட்டக் கூடாது. சொட்டினால் பருப்பு மூச்சுத் திணறி அழுகும், அழுகலை உறக்கம் என்று எண்ணிவிட நேரும்.

ஏப்ரல் 9, புதன் – சித்தூர்

பரதராமி தாண்டி, எல்லைக்குச் சற்று முன்னால் பேருந்தின் பெல்ட் அறுந்தது. அடுத்த வண்டிக்கு ஒன்றே கால் மணி நேரம். புளிய மர நிழலில் எல்லோரும் உட்கார்ந்தோம். நுங்கு விற்க வந்தவர் மூன்று 20 ரூபாய் என்று கொடுத்தார். கைக்குழந்தை வைத்திருந்த பெண்ணிடம் காசு வாங்கவில்லை. இந்த ஊர்களில் ஒருவர் தமிழில் கேட்டால் மற்றவர் தெலுங்கில் பதில் சொல்கிறார், பேச்சு எங்கும் தடைபடுவதில்லை.

மதியம் சித்தூரில் ராகி சங்கட்டியும் நாட்டுக்கோழிக் குழம்பும், 130 ரூபாய். உருண்டை ஆவி பறக்க வந்தது. நடுவில் குழி பண்ணி ஒரு கரண்டி நெய். குழம்பில் கசகசாவோடு எள்ளும் அரைத்திருந்தார்கள். வெளியே 40 டிகிரிக்குக் குறையாது.

மாலையில் பார்த்த காடு நேற்றையதற்கு நேர் எதிர். தரையில் படரும் கொடிக் கடலை, வீட்டுத் தேவைக்கென்று கால் ஏக்கர், கார்த்திகைக் கடைசியில் விதைத்தது. அதே இரண்டு மழை இங்கேயும் பெய்திருக்கிறது. ஐந்து செடி பிடுங்கிப் பார்த்தோம், ஒரு காய்கூட முளைக்கவில்லை. கொடி, அரைக்கொடி ரகங்களின் விதை அறுத்த பிறகு வாரக்கணக்கில், சிலவற்றில் மாதக்கணக்கில் உறங்கும். பின்னே ஏன் எல்லோரும் இதையே போடவில்லை?

நிலத்துக்காரப் பெரியவரே சொன்னார்: "பிடுங்கற கூலி யாரு குடுக்கறது? கொத்துன்னா ஒரே இழுப்பு. இது பத்து எடத்துல தோண்டணும்." காய் பரந்து கிடக்கும், பயிர் 120 நாளைத் தாண்டும், மானாவாரியில் கடைசி இருபது நாள் ஈரம் இருக்காது. அதைவிடப் பெரிய காரணம் விதை. ஆடியில் விதைத்த கடலையை ஐப்பசியில் எடுத்து, அதே விதையைக் கார்த்திகையிலோ மார்கழியிலோ கிணற்றுப் பாசனத்தில் போடுவது இந்தப் பக்கத்து வழக்கம். நடுவில் ஐந்தாறு வாரம்தான். அதற்குள் உறக்கம் கலையாத விதை திட்டுத்திட்டாக முளைக்கும். பத்து நாள் பின்தங்கி முளைத்த செடி கடைசி வரை பின்தங்கியே நிற்கும்.

அதனால்தான் கடலை இனப்பெருக்கத்தில் உறக்கத்தை 'சேர்ப்பது' என்பதைவிட 'அளந்து சேர்ப்பது' என்பதுதான் வேலை. கொத்து உருவமும் 105 நாள் வயதும் அப்படியே இருக்க, உறக்கம் மட்டும் இரண்டு, மூன்று வாரம் வேண்டும். அறுவடை தள்ளிப்போனாலும் தாங்க வேண்டும், அடுத்த பட்டத்துக்கும் தடையாகக் கூடாது. பாபா அணுசக்தி ஆய்வு மையத்தின் டி.ஜி. 26 ரகத்துக்கு ஏறத்தாழ 20 நாள் உறக்கம் உண்டு. இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனமும் ஐ.சி.ஜி.வி. 86155, 86156, 86158 போன்ற கொத்து வகைகளை உறக்கத்துக்கான மூலங்களாக எடுத்து வைத்திருக்கிறது. கொடி ரகத்தோடு கலப்பு செய்துவிட்டு வயதையும் படர்வையும் களைந்துகொண்டிருப்பதைவிட, கொத்திலேயே உறக்கம் உள்ளதை எடுப்பது பத்து மடங்கு சுலபம். எங்களைக் கேட்டால் இந்தக் குணத்துக்குக் கொடியை இனி தொடவே வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரிசை இருந்தால் போதும்.

விழுதின் பலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கால் ஏக்கரில் இலைப்புள்ளி கடுமையாக இருந்தது, அடி இலை பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தது. இலை போன செடியின் விழுது சீக்கிரம் நைந்துவிடும். பிடுங்கும்போது நைந்த விழுதில் தொங்கும் முற்றிய காய் அறுந்து மண்ணிலேயே நிற்கும். ஒரு செடி பிடுங்கிய குழியில் துழாவினால் மூன்று காய் கிடைத்தது. இந்த இழப்பைக் குறைக்க விழுதைத் தனியே தேர்ந்தெடுப்பதை விட, கர்நாடகத்தின் தார்வாடில் உருவான ஜி.பி.பி.டி. 4 போல பின்பருவ இலைப்புள்ளி நோயும் துரு நோயும் தாங்கும் ரகத்தைப் பெற்றோராகச் சேர்ப்பது நேர்வழி. இலை கடைசி வரை நின்றால் விழுதும் நிற்கும்.

இரண்டு சுருள், ஒவ்வொன்றிலும் 50 பருப்பு, இரவில் வைத்தோம்.

ஏப்ரல் 10, வியாழன் – திருப்பதி

திருப்பதியில் வெயில் வேறு ரகம். மலை அனலைத் திருப்பி அடிக்கிறது. நன்னாரி சர்பத் 20 ரூபாய், எலுமிச்சை பிழிந்தால் 25. கடைக்காரர் முதலில் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டிவிட்டுத்தான் சர்பத்தைக் கலக்கினார்.

காலையில் குடியாத்தம் சுருளைப் பிரித்தோம். ஒன்றரை நாள்தான் ஆகிறது, அதற்குள் 50-இல் 41 முளை. வேர் முனை இரண்டு மில்லிமீட்டர் தாண்டினால்தான் முளைத்ததாகக் கணக்கு. தோல் வெடித்ததை மட்டும் எண்ணக் கூடாது, செத்த பருப்பும் தண்ணீர் குடித்து உப்பும்.

பிறகு சித்தூர் சுருள்களில் ஒன்று காணோம். அறை துடைக்க வந்த பெண் ஈரத் தாளைப் பார்த்து, பாவம் நனைந்துவிட்டது என்று மொட்டை மாடியில் வெயிலில் விரித்திருந்தார். "கெட்டுப்போயிடும்னு காய வெச்சேன் சார்" என்று பதறினார். நல்ல மனசோடு செய்தது, பரவாயில்லை என்று சொன்னோம். பருப்பை மட்டும் ஒதுக்கிவிட்டோம். விதைப் பரிசோதனைக் கூடங்களில் கடலையின் உறக்கத்தைக் கலைக்க வேண்டும் என்றே 40 டிகிரியில் சூடேற்றுவது உண்டு. மொட்டை மாடித் தளம் அதற்கு மேலேயே கொதித்துக்கொண்டிருந்தது. அந்த 50 பருப்பு இனி முளைத்தாலும் முளைக்காவிட்டாலும் எதையும் சொல்லாது.

இந்த ஊரின் வட்டார வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலிருந்துதான் நாராயணி கடலை வந்தது. இங்கே உட்கார்ந்து எழுதும்போது, உறக்கத்துக்காகச் சந்ததிகளைப் பிரிப்பதில் எங்கே சறுக்குகிறது என்பதையும் எழுதிவிடலாம்.

1999-இல் இக்ரிசாட்டின் உபாத்தியாயாவும் நிகமும் வெளியிட்ட ஆய்வில், உறக்கம் ஒரே மரபணுவால் வருகிறது, அது ஓங்கு பண்பு என்று கண்டார்கள். கேட்கச் சுலபமாக இருக்கிறது. வயலில் அப்படி இல்லை. கலப்பு செய்த இரண்டாம் தலைமுறையில், உறங்கும் விதைகளில் மூன்றில் இரண்டு, உறங்கும் மரபணுவும் உறங்காததும் சேர்ந்த கலப்பாக இருக்கும். அடுத்த தலைமுறையில் மறுபடியும் முளைக்கிற விதையைப் பிரித்துத் தரும். ஆகவே ஒற்றை விதையை நம்பாமல், ஒவ்வொரு செடியின் விதையையும் தனி வரிசையாகப் போட்டு, வரிசை முழுக்க உறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பருப்பின் மேல்தோல் தாய்ச்செடியின் திசு. உள்ளே இருக்கும் கரு அடுத்த தலைமுறை. உறக்கத்தில் தோலுக்கும் பங்கு உண்டு என்பதால், முதல் தலைமுறைச் செடியில் பறித்த விதையில் பார்ப்பது தாயும் பிள்ளையும் கலந்த கணக்கு. வரிசைச் சோதனை இதையும் சரிசெய்துவிடும்.

மூன்றாவதுதான் புதிதாக வருபவர்களைத் திணறடிப்பது. சோதனையில் முளைக்காததுதான் நமக்கு வேண்டிய விதை. அது உறங்குகிறதா, செத்துவிட்டதா? பத்து நாள் கழித்து முளைக்காதவற்றை எத்ரல் கரைசலில் நனைத்து மறுபடியும் தாளில் வைக்க வேண்டும். எத்ரலிலிருந்து வெளிவரும் எத்திலீன் உறக்கத்தைக் கலைக்கும். இரண்டு மூன்று நாளில் முளைப்பவை உறங்கியவை, அவற்றை எடுத்துத் தொட்டியில் நடலாம். எழாதவை செத்தவை. இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால் அழுகல் விதையெல்லாம் 'உறக்கம் நிறைந்தது' என்று ஏட்டில் ஏறிவிடும்.

ஏப்ரல் 11, வெள்ளி – புத்தூர், நகரி, திருத்தணி

பங்குனி உத்திரம். திருத்தணிக்குப் போகும் எல்லா வண்டியிலும் காவடி. புத்தூரில் கை கால் கட்டுக்கு வந்தவர்களும் சேர்ந்துகொள்ள, நிற்கக்கூட இடமில்லை. ஆனாலும் ஒரு பையன் எழுந்து, எங்கள் கையிலிருந்த எள்ளுக் கட்டைப் பார்த்து, "நீங்க உக்காருங்க சார், செடி ஒடிஞ்சிடும்" என்றான்.

எள் பார்த்தது புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில், நெல்லுக்குப் பின் தை பிறந்ததும் விதைத்த வயல். 86 நாள் பயிர். அடியில் காய் மஞ்சளாகி இரண்டொன்று வாய் திறந்துவிட்டது. உச்சியில் இன்னும் பூ. இந்தச் செடியை அறுப்பவருக்குச் சரியான நாள் என்று ஒன்றே கிடையாது. காத்திருந்தால் அடிக் காய் கொட்டும், முந்தினால் நுனிக் காய் பதர். அடி இலை கால் பங்கு உதிர்ந்து, நடுவரை காய் மஞ்சளானதும், அடியிலிருந்து பத்தாவது காயைப் பிளந்து பார்த்து, விதை நிறம் ஏறியிருந்தால் அறுக்க வேண்டும். இங்கே பத்தாவது காயில் விதை பழுப்பேறியிருந்தது. நிலத்துக்காரரும் நாளைக்கு ஆள் சொல்லியிருந்தார்.

வெடித்த காய் ஒன்றை விரல் நடுவில் பிடித்துப் பார்த்தோம். நுனியில் இரு பக்கமும் பிளந்து, பிளவு பாதி வரை இறங்கியிருந்தது. உள்ளே நாலு அறை. ஒவ்வொன்றிலும் விதைகள் நடுத்தண்டில் சிறு காம்பால் ஒட்டி அடுக்கியிருந்தன. நிமிர்த்திப் பிடித்தபோது காற்றுக்கு மேல் வரிசையில் நாலைந்து விதை விழுந்தன. கவிழ்த்ததும் மொத்தமும் வெள்ளைத் துண்டில் கொட்டிவிட்டது, அறைக்கு ஒன்றிரண்டுதான் தங்கியது.

இழப்பை அளக்கக் கையோடு அரை மீட்டர் சதுரச் சட்டம் வைத்திருந்தோம். ஆயிரம் எள் ஏறத்தாழ 3 கிராம். ஒரு சதுர மீட்டரில் 170 எள் கீழே கிடந்தால் எக்டருக்கு 5 கிலோ, அதாவது விதைத்த விதை அவ்வளவும் போயிற்று. அரை மீட்டர் சட்டத்தில் அது 42 எள். 30-க்கு 30 செ.மீ. இடைவெளியில் சதுர மீட்டருக்கு 11 செடி. செடிக்கு நாலைந்து காய், காய்க்கு 65 விதை என்று முழுசாகக் கொட்டினால் எக்டருக்கு 100 கிலோ. எள்ளுக்கு 2024–25 ஆதரவு விலை குவிண்டாலுக்கு 9,267 ரூபாய். விவசாயி கண்ணுக்கு இந்த இழப்பு தெரிவதே இல்லை, மண் நிறத்தில் எள் மறைந்துவிடுகிறது. இன்றைக்குச் சட்டத்துக்குள் 30 முதல் 60 வரை எண்ணினோம், அறுவடைக்கு முதல் நாளே.

வெடிக்காத எள் கிடைக்காமல் இல்லை. வெனிசுவேலாவில் 1943-இல் டெரால்ட் லாங்ஹாம் வாய் திறக்காத காயுடைய செடியைக் கண்டுபிடித்தார். ஒற்றை ஒடுங்கு மரபணு. அதே 1943-இல்தான் தென்னார்க்காடு எள்ளையும் மலபார் எள்ளையும் கலப்பு செய்த டி.எம்.வி. 3 எள் ரகம் நம் பக்கம் வந்தது. லாங்ஹாமின் செடி இலை சுருண்டு, தண்டு முறுக்கி, காய் குட்டையாகி, விளைச்சல் குறைந்து நின்றது. காரணம் வெகு காலம் கழித்துத்தான் தெளிவானது: காய் மூடியிருப்பதற்கும் இலை சுருள்வதற்கும் ஒரே மரபணு, எஸ்.ஐ.சி.எல். 1, பொறுப்பு என்று 2018-இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். இலையின் மேல்பக்கம் கீழ்ப்பக்கத்தைத் தீர்மானிக்கும் மரபணுக் குடும்பம் அது. காயின் சுவரும் மாறிய இலைதான். ஒன்றை மாற்றி மற்றதை விட்டுவைக்க முடியாது.

அது மட்டுமல்ல. மூடியே இருக்கும் காயை அடித்து உடைக்க வேண்டும். அடி பட்ட எள்ளின் தோல் நசுங்கி எண்ணெய் கசியும், சீக்கிரம் காறும், விதைக்கும் ஆகாது. அமெரிக்காவில் அறுவடை இயந்திரத்துக்கென்று வளர்த்த எள்ளில்கூட முடிவில் நுனி கொஞ்சம் திறக்கும் காயைத்தான் வைத்துக்கொண்டார்கள்: உள்ளே காற்றுப் புகுந்து விதை காய வேண்டும், ஆனால் விதைக் காம்பும் அறைச் சவ்வும் விதையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நம் பக்கம் அறுத்த கட்டைக் குவித்து, நுனி உள்ளேயும் அடி வெளியேயும் வட்டமாக அடுக்கி, வைக்கோல் மூடி மூன்று நாள் புழுங்கவிட்டு, பிறகு தார்ப்பாயில் கவிழ்த்துத் தட்டுகிறார்கள். முதல் தட்டில் முக்கால் பங்கு எள் விழுந்துவிடும், ஒரு நாள் காயவிட்டு மறுபடி தட்டினால் மிச்சம். இந்த முறைக்கு வேண்டிய காய் எது என்றால், நிமிர்ந்து நிற்கும்போது காற்றுக்கு விடாமல், கவிழ்த்துத் தட்டியதும் விடுவது. தேர்வும் அப்படியே வைக்கலாம்: செடியின் நடுவிலிருந்து பத்துக் காயை முழுதாகக் காயவிட்டு, நிமிர்த்தி ஒரு முறை ஆட்டி விழுந்ததை எண்ணு; கவிழ்த்துத் தட்டி விழுந்ததை எண்ணு; உள்ளே தங்கியதை எண்ணு. முதல் எண்ணும் மூன்றாம் எண்ணும் குறைவாக உள்ள செடியை வைத்துக்கொள். நுனிப் பூ ஓரளவோடு நிற்கும் குணத்தையும் சேர்த்தால், அடிக்கும் நுனிக்கும் இடையில் இருக்கும் இந்த இழுபறி பாதியாவது குறையும். இஸ்ரேலில் அம்ராம் அஷ்ரி கதிர்வீச்சு கொடுத்து எடுத்த டி.டி. 45 அத்தகைய வளர்ச்சி நிற்கும் வகை.

திருத்தணியில் இறங்கும்போது காவடிக் கூட்டம் நெருக்கியதில் எள்ளுக் கட்டின் ஒரு பக்கம் நசுங்கி, வெடித்த காயெல்லாம் பையில் கொட்டிவிட்டது. காகித உறைக்குள் தனித்தனியே போட்ட மூன்று செடிதான் மிஞ்சியது. கோயில் அடிவாரத்தில் அன்னதானம்: சர்க்கரைப் பொங்கல், புளியோதரை. புளியோதரையில் வறுத்த எள்ளுப்பொடி தூக்கலாக இருந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு – வேலூர்

குடியாத்தம் சுருள்: 47 முளை, 3 அழுகல், உறக்கம் பூஜ்யம். சித்தூரின் மிஞ்சிய சுருள் நாலாம் நாள்: 2 முளை, 1 அழுகல், 47 அப்படியே. பத்தாம் நாள் எண்ணிவிட்டுத்தான் எத்ரல்.

ஆடிப் பட்டத்தில் செய்ய வேண்டியது: குடியாத்தம் கடலையைத் தாயாகத் தொட்டியில் நட்டு, உறக்கமுள்ள கொத்து ஒன்றைத் தகப்பனாக எடுப்பது. கொடி விதை ஒப்பீட்டு வரிசைக்கு மட்டும். மறுநாள் மலரப்போகும் மொட்டைச் சாயங்காலமே பார்த்து, கூர்முனை இடுக்கியால் இதழை விலக்கி, பத்து மகரந்தத் தாளையும் எடுத்துவிட வேண்டும். சூல்தண்டில் முனை பட்டால் மொட்டு வீண். மறுநாள் விடிந்ததும், வெயில் ஏறுவதற்குள், தகப்பன் பூவின் மகரந்தத்தைப் பிதுக்கிச் சூல்முடியில் தடவி, அந்தக் கணுவில் வண்ண நூல் கட்ட வேண்டும். அதே கணுவில் பிறகு வரும் பூக்களைத் தினமும் கிள்ளிவிடாவிட்டால், இறங்கும் விழுது எந்தப் பூவினுடையது என்றே தெரியாமல் போகும்.